பாம்பெர்க்கில் ஒரு மாலை: ஊருக்குள் உட்காருவதா, மலையேறுவதா?

நான் குடியிருப்பது ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் உள்ள எர்லாங்கனில். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு சனிக்கிழமை பாம்பெர்க் போயாக வேண்டும். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாலு கோபுரக் கதீட்ரல், ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகரசபைக் கட்டடம், பிஷப்பின் ரோஜாத் தோட்டம் எல்லாவற்றையும் மதியம் மூன்று மணிக்குள் பார்த்து முடித்துவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர். 1993இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பார்ப்பதற்குக் குறைவில்லை. கால் வலித்த பிறகு வரும் கேள்விதான் சிக்கல்: "சரி, எங்கே உட்காரலாம்?"

முக்கால் லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட இந்த ஊருக்குள் பத்துக்குப் பக்கமாக பீர் ப்ரூவரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை காய்ச்சும் இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே, சாப்பாட்டோடு ஊற்றிக் கொடுக்கின்றன. போதாததற்கு மலைமேல் தோட்டங்கள் வேறு. ஒரே மாலையில் ஐந்து இடம் ஏறி இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழு மணிக்கு அவர்களுக்கு எந்த இடமும் நினைவில் இருக்காது. அதனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் அடித்தால் மலை, இல்லையென்றால் ஊருக்குள் ஷ்பெட்சியால் என்ற ப்ரூவரி. எல்லாரும் முதலில் ஓடும் ஷ்லெங்கர்லா என் கணக்கில் மூன்றாவதுதான். வானம் எப்படி இருக்கிறது, கூட யார் வருகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவாகிவிடும். எந்த பீர் நல்ல பீர் என்பது அதற்கும் பிறகு.

ஷ்லெங்கர்லா: பெயர் பெரிது, கூட்டமும் பெரிது

கதீட்ரல் குன்றின் அடிவாரத்தில், டொமினிக்கானர் தெருவில், மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய கட்டடம். 1405இலேயே ஆவணத்தில் வரும் வீடு என்கிறார்கள். உள்ளே ஒரு பகுதி முன்பு டொமினிக்கன் மடத்தைச் சேர்ந்தது. அதன் வளைகூரையைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை உள்ளே போகலாம். முன்னொரு காலத்து உரிமையாளர் கையைக் காலை ஆட்டி ஆட்டி நடப்பாராம், அப்படி நடப்பதைக் குறிக்கும் சொல்லே கடைக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இங்கே கிடைப்பது ரவுக்பியர், அதாவது புகை பீர். முளைவிட்ட பார்லியை, அதாவது மால்ட்டை, பீச் மர விறகின் புகையில் உலர்த்துகிறார்கள். இது யாரோ புதுமைக்காகக் கண்டுபிடித்ததல்ல. ஒரு காலத்தில் பல ஊர்களில் மால்ட் விறகுத் தீயில்தான் காய்ந்தது, அதனால் பீரில் புகை வாடை சாதாரணம். பின்னால் புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் சூளைகள் பரவின, மற்ற ஊர்கள் புகையைக் கைவிட்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியாலும் மட்டும் விடவில்லை. இன்றும் தங்களுக்கான புகை மால்ட்டைத் தாங்களே தயாரிக்கிறார்கள்.

ஷ்லெங்கர்லாவின் முதன்மைப் புகை பீர் மெர்ட்சன், 5.1 சதவீத மது, அடர்ந்த பழுப்பு. மர பீப்பாயிலிருந்து நேராக ஊற்றித் தருவார்கள். முதல் மடக்கு விறகடுப்பு மேல் தொங்கவிட்ட இறைச்சியை மோந்த மாதிரி இருக்கும். என் நண்பன் ஒருவன் வாயில் வைத்துவிட்டு, "மச்சான், இது பீரா, உப்புக்கண்டம் ஊறவைத்த தண்ணியா?" என்றான். முதலில் அந்நியமாகத்தான் இருக்கும், மூன்றாவதில் பிடித்துவிடும் என்பது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் சமாதானம். அது உண்மைதான், நானே சாட்சி. ஆனால் ஒரே மாலை மட்டும் கையிலிருக்கும் விருந்தாளிக்கு மூன்றாவது கோப்பை வரை பொறுமை இருக்குமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சிக்கல், இங்கே மேசைக்கு வரும் பீர் எல்லாமே புகையைச் சுற்றித்தான். இலையுதிர் காலத்தில் 6.5 சதவீத ஊர்போக் (போக் என்றால் வலுவான பீர்), கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓக் மரப் புகையில் செய்த 8 சதவீத ஐஷே. நாலு பேரில் ஒருவருக்குப் புகை பிடிக்கவில்லை என்றால் அவருக்கு மாற்று குறைவு. ஹெல்லெஸ் லாகர் கேட்டுப் பார்க்கலாம். அதில் புகை மால்ட் போடுவதில்லை, ஆனாலும் அதே ஈஸ்ட், அதே கொப்பரை என்பதால் ஒரு மெல்லிய புகை நிழல் இருக்கும்.

சனிக்கிழமை மாலை உள்ளே இடம் கிடைப்பது கஷ்டம். அதற்கும் ஒரு வழி உண்டு. நுழைவு நடையில் உள்ள சின்ன சாளரத்தில் முன்பணம் வைத்துக் கோப்பையை வாங்கி, வெளியே தெருவில் நின்றபடி குடிக்கலாம். கல் பாவிய தெருவில் நாலைந்து வயதான தம்பதிகள், ஒரு மாணவர் கூட்டம், கேமரா தொங்கும் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். ஒருவர் ஒரு கோப்பை மட்டும் ருசி பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. உட்காரும் மாலையை வேறிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோனிக் தெருவின் இரண்டு எதிரெதிர் வீடுகள்

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓபெரே கோனிக் தெரு. பழைய நகரத்தை நோக்கி விறுவிறுவென்று போகும் பயணிகள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். தெருவின் ஒரு பக்கம் 1536ஐத் தன் ஆண்டாகச் சொல்லும் ஷ்பெட்சியால், எதிர்ப்பக்கம் 1649இன் ஃபெஸ்லா. இரண்டிலும் காய்ச்சுகிறார்கள், சமைக்கிறார்கள், மாடியில் அறையும் வாடகைக்கு விடுகிறார்கள். இரவு ரயிலைப் பிடிக்கும் பதற்றம் வேண்டாம் என்றால் அறை எடுத்துவிடுவது நல்லது.

ஷ்பெட்சியாலின் புகை பீர் ஷ்லெங்கர்லாவின் சாந்தமான தம்பி மாதிரி. நிறம் வெளிர், புகை பின்னணியில் வரும், முன்னால் வந்து மிரட்டாது. புகை பீரை முதன்முதலாகக் குடிப்பவரை நான் இங்கேதான் கூட்டிவருவேன். பிடிக்கவில்லை என்றால் அதே கடையில் புகையில்லாத உங்கெஷ்புண்டெட்ஸ் இருக்கிறது, யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உங்கெஷ்புண்டெட் என்றால் அடைப்பு இறுக்காமல் பக்குவப்படுத்தியது. வாயு வெளியேறிவிடுவதால் நுரை குத்தாது, வயிறும் உப்பாது.

எதிர்வீடான ஃபெஸ்லாவில் புகை கிடையாது. சாதாரண லாகர், பில்ஸ், ட்ஸ்வெர்க்லா என்ற கருமையான ஒன்று, அப்புறம் பாம்பெர்காட்டோர். பெயரைக் கேட்டாலே தெரியும், 8.5 சதவீதம். அதைக் கடைசியாக, ஒன்றே ஒன்று மட்டும் எடுங்கள். நான் ஒருமுறை அதிலிருந்து தொடங்கிவிட்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்த வேறெதையும் பார்க்கவில்லை. பழி ஃபெஸ்லா மேல் இல்லை, என் மேல்தான்.

இந்த இரண்டு இடங்களின் உண்மையான அழகு அலங்காரமின்மைதான். மரப்பலகைச் சுவர், தேய்ந்த நீள மேசை, வேலை முடிந்து வந்து உட்காரும் உள்ளூர் ஆட்கள். வாசல் நடையை ஷ்வெம் என்பார்கள். உட்கார மனமில்லாதவர்கள் அங்கேயே நின்று ஒரு கோப்பை முடித்துவிட்டுப் போவார்கள். நவம்பர் மழையில், ஜன்னல் கண்ணாடி ஆவி படிந்திருக்கும்போது, ஷ்பெட்சியாலைவிட நல்ல இடம் பாம்பெர்க்கில் எனக்குத் தெரியாது.

வுண்டர்பூர்க்: பீருக்காக மட்டும் வருபவர்களுக்கு

ரயில் நிலையத்துக்குத் தெற்கே வுண்டர்பூர்க் பகுதி. அங்கே 1670இன் மார்ஸ் ப்ராய், கிட்டத்தட்ட எதிரிலேயே 1867இன் கீஸ்மன். மார்ஸில் "ஒரு ஊ" என்று கேட்டால் போதும், உங்கெஷ்புண்டெட்டைச் சுருக்கி அந்த ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். கலங்கலான தேன் நிறம், ரொட்டி மணம். கீஸ்மனின் ஹெர்ரன் பில்ஸ் இதற்கு நேர் எதிர், தெளிவு, மெல்லிய கசப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் ஒரே தானியத்திலிருந்து இவ்வளவு தூரம் போக முடியுமா என்று தோன்றும்.

ஆனால் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இந்தப் பக்கம் பார்க்க அதிகமில்லை, சாதாரணக் குடியிருப்புத் தெருக்கள். பாம்பெர்க்குக்கு இரண்டாவது, மூன்றாவது முறை வருபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். மார்ஸின் முன்னால் கஷ்கொட்டை மரத்தடி மேசைகள் உண்டு, மலையேற முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் அது நல்ல சமரசம்.

மலை: கெல்லர் 'மேல்' போவது

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியின் பெரும்பாலான இடங்களில் கெல்லருக்கு, அதாவது நிலவறைக்கு, 'உள்ளே' போவார்கள். பாம்பெர்க் மக்கள் நிலவறை 'மேல்' போவார்கள். "ஆஃப் தென் கெல்லர்" என்பதுதான் பேச்சு. இலக்கணப் பிழையல்ல, உள்ளபடி அதுதான் நடக்கிறது.

கீழே படியும் ஈஸ்டில் காய்ச்சும் லாகர் பீருக்குக் குளிர் வேண்டும். பத்து டிகிரிக்கும் கீழே நொதித்து, இன்னும் குளிரில் பல வாரம் கிடக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கோடையில் இது நடக்காது. பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டார்கள். அதனால் குளிர்காலத்தில் காய்ச்சிய பீரைக் கோடை முழுக்கக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பாம்பெர்க்கின் குன்றுகள் மணற்கல், குடைவது சுலபம். ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றுக்குள் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து, குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை அடுக்கி, பீப்பாய்களை உருட்டி வைத்தார்கள். மேலே வெயில் இறங்காமல் இருக்கக் கஷ்கொட்டை மரங்கள் நட்டார்கள். பெரிய இலை, அடர்ந்த நிழல், வேர் ஆழமாகப் போய்க் கூரையைப் பிளக்காது. நிழலும் பீரும் ஒரே இடத்தில் இருந்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பீர் தோட்டம் என்ற சங்கதியே இப்படித்தான் பிறந்தது.

மியூனிக்கில் இது விடுதிக்காரர்களின் வயிற்றில் அடித்தது. 1812 ஜனவரியில் பவேரிய மன்னர் முதலாம் மாக்ஸ் யோசெஃப் ஒரு பஞ்சாயத்து செய்தார்: ப்ரூவரிகள் தங்கள் நிலவறைகளில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது. சாப்பாடு கிடைக்காது என்பதால் மக்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனார்கள். இன்றும் பவேரியாவின் உண்மையான பீர் தோட்டத்தில் சொந்தச் சாப்பாட்டை விரித்துச் சாப்பிடலாம் என்பது வழக்கம். இது நம் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை. புளியோதரைப் பொட்டலத்தோடு கஷ்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்து மேசைப் பாட்டி ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குடிப்பதை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும். எல்லா இடத்திலும் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளாமல் நுழையும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முக்கியமாக மேசைவிரிப்பு போட்ட பகுதியில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

மலையில் எந்த இடம்? காட்சிக்காக என்றால் ஷ்டெர்ன்வார்ட் தெருவில் உள்ள ஷ்பெட்சியால் கெல்லர். பழைய நகரத்தின் சிவப்புக் கூரைகள், கதீட்ரலின் நாலு கோபுரம், எதிரே மிஷேல்ஸ்பெர்க் மடம், எல்லாம் ஒரே பார்வையில். மாலை ஆறு மணிக்கு வெயில் சாய்ந்து கூரைகள் மேல் விழும்போது பேச்சு தானாக நின்றுவிடும். ஊருக்குள் கோனிக் தெருவில் ஊற்றும் அதே மென்மையான புகை பீர் இங்கேயும் கிடைப்பது கூடுதல் லாபம்.

கூட்டத்துக்குள் கரைந்துபோக வேண்டும், குழந்தைகள் ஓட இடம் வேண்டும் என்றால் ஓபெரர் ஷ்டெஃபான்ஸ்பெர்க்கில் வில்டே ரோஸே கெல்லர். காட்சி கிடையாது, மரங்களும் சரளைக்கல்லும் நீள பெஞ்சுகளும்தான். சாளரத்தில் நாமே போய் வாங்கி வர வேண்டும். கூச்சமே வேண்டாம், ஜெர்மன் குடும்பங்கள் தொட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, லாரென்ட்சி சதுக்கத்தில் 1719இன் க்ரைஃபென்க்ளாவ். இது ப்ரூவரியும் தோட்டமும் ஒன்றாக அமைந்தது. பின்பக்கத் தோட்டத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு அப்பால் ஆல்டென்பூர்க் கோட்டை தெரியும். மழை வந்தால் உள்ளே நகர்ந்துவிடலாம் என்பதால், வானத்தை நம்ப முடியாத நாளில் மலையிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு இதுதான்.

ஏனென்றால் மலையின் ஒரே பெரிய குறை வானம்தான். பல கெல்லர்கள் நல்ல வானிலையில் மட்டும் திறக்கும். ஒரு மே மாதம் ஆறு பேரை, அதில் எழுபது வயதுச் சித்தப்பா ஒருவர், மூச்சு வாங்க மேலே ஏற்றிக் கூட்டிப்போனேன். தூறல்தானே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது, ஈர பெஞ்சுகள் சாய்த்து வைத்திருக்கின்றன. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த அமைதி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அன்றிலிருந்து ஏறுவதற்கு முன் அவர்களுடைய பக்கத்தைப் பார்த்துவிடுகிறேன், அல்லது போன் செய்துவிடுகிறேன். பழைய நகரத்திலிருந்து கால் மணி நேர ஏற்றம்தான், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது கால் மணி நேரமல்ல.

குடிக்காதவர்கள், சைவர்கள், குழந்தைகள்

எங்கள் கூட்டங்களில் பாதிப் பேர் குடிப்பதில்லை. அவர்களை வைத்துத்தான் இடத்தையே முடிவு செய்கிறேன். குடிக்காதவர் ஊருக்குள் உள்ள மதுக்கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் சலிப்பார், மலையில் மூன்று மணி நேரம் இருப்பார். ஆப்பிள் சாறில் சோடா கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே எங்கும் கிடைக்கும். கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்சியும் உண்டு. ஷ்பெட்சியாலில் போய் ஷ்பெட்சி கேட்கும்போது பானத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். சித்தப்பா கேட்டதற்குப் புகை பீர் வந்து நின்ற கதை உண்டு. பாதி பீர், பாதி எலுமிச்சைச் சோடா கலந்த ராட்லரும் இருக்கிறது, ஆனால் அதிலும் மது உண்டு.

சைவர்களுக்கு ஊருக்குள் கொஞ்சம் கஷ்டம். பாம்பெர்கர் ட்ஸ்வீபெல் என்று மெனுவில் முழு வெங்காயம் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே கொத்திய இறைச்சி. உருளைக்கிழங்கு உருண்டைமேல் ஊற்றும் சாறும் இறைச்சிச் சாறுதான். பன்றித் தோள்பட்டை வறுவலான ஷொய்ஃபெர்லா இந்தப் பகுதியின் பெருமை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ட்ஸ்வெட்ஷ்கென்பாமெஸ் என்ற நாக்குச் சுளுக்கும் பெயரைப் பார்த்தால் தாண்டிவிடுங்கள், அது புகையில் உலர்த்திய மாட்டிறைச்சி. நம்பிச் சாப்பிடக்கூடியது கெருப்ஃப்டெர். பழுத்த கமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், மிளகாய்ப் பொடி போட்டுப் பிசைந்தது. மியூனிக்கில் இதையே ஒபாட்ஸ்டா என்பார்கள். பிரெட்ஸலோடு, அல்லது சீரகத்துக்குத் தங்கை போன்ற ஒரு விதை போட்ட கருப்பு ரொட்டியோடு சாப்பிடலாம். மலை என்றால் கையில் சோறு இருக்கிறது, இந்தக் கவலையே இல்லை.

உட்கார்ந்த பிறகு

எங்கே போனாலும் சில பழக்கங்கள் பொது. காலி மேசை தேட வேண்டாம், காலி நாற்காலி போதும். "இஸ்ட் ஹீயர் ஃப்ரை?" என்று கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களோடு உட்காரலாம். ஷ்டாம்டிஷ் என்று பலகை வைத்த மேசை மட்டும் உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு, அதில் உட்காராதீர்கள். அரை லிட்டர் கோப்பையை இங்கே சைட்லா என்பார்கள். மியூனிக்கின் ஒரு லிட்டர் மாஸ் இங்கே வழக்கமில்லை. மனசுக்குள் இதை ஒரு நன்மையாகத்தான் வைத்திருக்கிறேன். குடித்த கணக்கை அட்டையில் பென்சில் கோடாகப் போடுவார்கள், அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். கடைசியில் இன்னும் கொஞ்சம் மட்டும் வேண்டும் என்றால் "ஷ்னிட்" கேளுங்கள், பாதிக் கோப்பையை நுரையோடு வேகமாக ஊற்றித் தருவார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். கார் ஓட்டுபவர் ராட்லரைக்கூட எண்ணிக் குடிக்க வேண்டும், இங்கே வரம்பு ரத்தத்தில் 0.5 பெர்மில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு மது.

மலையில் நள்ளிரவு வரை உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்துக்கு எதிராக வழக்குப் போட, 1995இல் மியூனிக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் பீர் தோட்டத்துக்காகத் தெருவில் இறங்கினார்கள். அதன் விளைவாக வந்த 1999 பவேரிய விதியின்படி இசை பத்து மணி வரை, பரிமாறுவது பத்தரை வரை, பதினொன்றுக்குத் தோட்டம் காலி.

ஆக, உங்களுக்கு எது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெயில் நாள், குடும்பம், குழந்தைகள்: யோசிக்காமல் மலை. காட்சி வேண்டுமென்றால் ஷ்பெட்சியால் கெல்லர், சலசலப்பு வேண்டுமென்றால் வில்டே ரோஸே. ஆகஸ்டு பிற்பாதியில் சாண்ட்கெர்வா திருவிழா நடக்கும் நாட்களில் மட்டும் பழைய நகரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நெரிசலில் கோப்பையைத் தூக்கக்கூட இடமிருக்காது. நெரிசலே பிடிக்கும் என்றால் அது வேறு.

வானம் சந்தேகமாக இருந்தால் க்ரைஃபென்க்ளாவ். அக்டோபர், நவம்பரில் ஒவ்வொரு ப்ரூவரியும் தன் போக் பீரைத் திறக்கும் பருவம், அப்போது மலையை மறந்துவிட்டுக் கோனிக் தெருவுக்குப் போங்கள். தனியாகவோ ஒரே நண்பனோடோ வந்து பீரைப் பற்றியே பேசப் போகிறீர்கள் என்றால் வுண்டர்பூர்க். ஷ்லெங்கர்லாவை விட்டுவிட்டு வந்தேன் என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்ற கவலை இருந்தால், மதியம் மூன்று மணிக்குக் கதீட்ரலிலிருந்து இறங்கும் வழியில் அந்தச் சாளரத்தில் ஒரு கோப்பை வாங்கி நின்றபடி குடித்துவிட்டு, மலைக்கு ஏறுங்கள். சித்தப்பாவோடு இரண்டாவது முறை போனபோது அப்படித்தான் செய்தோம். அவர் ஒரு வாய் மட்டும் மோந்து பார்த்து, கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, "மேல கதவு திறந்திருக்கான்னு போன் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.